அரண்மனை வைத்தியச்சியும் தோட்டத்து டாக்டரும்

2012ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலங்கையின் ரூபவாஹினியில் ‘சுஜாத தியணி’ தொடங்கியது. தென்கொரியாவின் எம்.பி.சி. தொலைக்காட்சி 2003-04இல் ஒளிபரப்பிய ‘டே ஜாங் கும்’ தொடருக்குச் சிங்களத்தில் குரல் கொடுத்து வந்த வடிவம் அது. சில மாதங்கள் கழித்து, 2013 மார்ச்சில், பாலாவின் ‘பரதேசி’ திரைக்கு வந்தது. ஊவாவில், பசறை, லுணுகலை, நமுனுகுலை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டையும் பார்த்தார்கள். முதலாவதை அன்றாடம் தொலைக்காட்சியில். இரண்டாவதைச் சீடியிலும், பிறகு டிஷ் ஆண்டெனா வழியாக வந்த தமிழ்நாட்டு அலைவரிசைகளிலும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு காரணம் உண்டு. இரண்டின் கதையிலும் நோய் தீர்க்கும் ஒருவர் முக்கியமான இடத்தில் நிற்கிறார். ஒன்றில் பதினாறாம் நூற்றாண்டு அரண்மனையில் அரசனுக்கு வைத்தியம் பார்த்த பெண். மற்றதில் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த டாக்டர். இரண்டு பேருக்கும் பின்னால் உண்மையில் வாழ்ந்த ஓர் ஆள் இருக்கிறார். ஆனால், கொரியக் கதையைப் பார்த்தவர்கள் “இது மெய்யாலுமே நடந்ததா?” என்று கேட்டார்கள். தேயிலைக் கதையைப் பார்த்தவர்கள் கேட்கவே இல்லை. “நம்ம தாத்தா காலத்துக் கதை” என்று அழுதார்கள். கடல் கடந்த கதைக்கு விசாரணை, வீட்டுக் கதைக்கு விசாரணையே இல்லை. இது தலைகீழ் என்பது என் எண்ணம்.

முதலில் அரண்மனைக்குப் போவோம்.

ஜோசோன் அரச மரபின் பதினோராவது அரசர் ஜுங்ஜோங். 1506 முதல் 1544 வரை ஆண்டவர். அவர் காலத்து அரச நாட்குறிப்புகளில் ஜாங் கும் என்ற வைத்தியப் பெண்ணின் பெயர் பத்துத் தடவை அளவில் வருகிறது, அவ்வளவுதான். 1515இல் அரசி மகனைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள். பிரசவம் பார்த்தவர்களைத் தண்டிக்க வேண்டும் என்று அமைச்சர்கள் வற்புறுத்துகிறார்கள், அரசர் இணங்கவில்லை. அப்போது முதன்முறையாக ஜாங் கும் பெயர் அடிபடுகிறது. பிற்பாடு அவள் பெயருக்கு முன்னால் ‘பெரிய’ என்ற அடைமொழி சேர்கிறது. 1544இல், அரசரின் கடைசி நாட்களில், தன் உடம்பின் நிலை அந்த வைத்தியப் பெண்ணுக்குத் தெரியும் என்று அவர் சொன்னதாக ஒரு குறிப்பு. அவள் எங்கே பிறந்தாள், தாய் தகப்பன் யார், கல்யாணம் செய்தாளா, எப்போது செத்தாள் என்று ஒரு வரியும் கிடையாது.

இந்தச் சில வரிகளை வைத்துத்தான் எழுத்தாளர் கிம் யோங் ஹியூனும் இயக்குநர் லீ பியோங் ஹூனும் 54 அத்தியாயங்கள் கட்டினார்கள். தாயை இழந்த சிறுமி, அரண்மனைச் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்வது, ஆசானாக வந்த ஹான் என்ற மூத்த பணிப்பெண், பொய்க்குற்றம், நாடுகடத்தல், அங்கே வைத்தியம் கற்றுத் திரும்பி வருவது, எல்லாம் கற்பனை. தொடரின் முதல் பாதியைத் தாங்கி நிற்கும் சமையற்கட்டே கற்பனைதான். ஜாங் கும் சமைத்தாள் என்று எந்தக் குறிப்பும் சொல்லவில்லை. அதுமட்டுமா? அக்கால அரண்மனை விருந்துகளின் சமையலை ஆண் சமையற்காரர்களே பெரும்பாலும் செய்தார்கள் என்று கொரிய வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். அதாவது, உலகமெல்லாம் வாய் ஊறிப் பார்த்த அந்தப் பெண்களின் சமையல் போட்டி வரலாற்றில் நிற்காது.

கொரியர்களுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். தெரிந்தேதான் ரசித்தார்கள். ஏன் கோபப்படவில்லை என்பதற்கு விடை அந்த நாட்குறிப்புகளிலேயே இருக்கிறது.

ஜோசோன் அரச நாட்குறிப்புகள் 1392இலிருந்து 1863 வரை, 25 அரசர்களின் 472 ஆண்டுகளைப் பதிந்தவை. 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. அரசவையில் என்ன பேச்சு நடந்தாலும் குறிப்பெடுக்க ஆள் இருந்தார். தன்னைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று அரசர் பார்க்க முடியாது. அவர் இறந்த பிறகுதான் தொகுப்பார்கள். 1404இல் தேஜோங் என்ற அரசர் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தார். எழுந்ததும் அவர் சொன்னது, இதை வரலாறு எழுதுபவருக்குத் தெரியவிடாதீர்கள் என்பது. அவர் விழுந்ததும் ஏட்டில் இருக்கிறது, தெரியவிடாதீர்கள் என்று சொன்னதும் ஏட்டில் இருக்கிறது. இன்று அந்த ஏடுகள் நவீன கொரிய மொழியில், இணையத்தில், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி கிடக்கின்றன. பள்ளிப் பிள்ளை ஒருத்தி தொடரைப் பார்த்துவிட்டு அந்தப் பத்துக் குறிப்புகளையும் ஒரு மாலைக்குள் வாசித்துவிடலாம். மூல ஏடு பத்திரமாக இருக்கும் இடத்தில் புனைவு எவ்வளவு தூரம் ஓடினாலும் பயமில்லை.

பயம் வந்த இடங்களும் உண்டு. 2021 மார்ச்சில் எஸ்.பி.எஸ். நிறுவனம் ‘ஜோசோன் எக்ஸார்சிஸ்ட்’ என்ற தொடரைத் தொடங்கியது. குதிரையிலிருந்து விழுந்த அதே தேஜோங்கும் அவர் மகன் சேஜோங்கும் பாத்திரங்கள். கொரிய எழுத்தை உருவாக்கிய சேஜோங் அங்கே தெய்வத்துக்குச் சமம். தேஜோங் குடிமக்களையே வெட்டுவதாக ஒரு காட்சி. விருந்துப் பந்தியில் சீனாவின் நிலாப் பணியாரமும் பதப்படுத்திய முட்டையும். பார்வையாளர்கள் விளம்பரம் கொடுத்த நிறுவனங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கேட்டார்கள். விளம்பரங்கள் விலகின. இரண்டே அத்தியாயங்களில் தொடர் கைவிடப்பட்டது. பிணங்கள் எழுந்து நடக்கும் கற்பனைக் கதைக்கு இவ்வளவா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த மக்களின் கணக்கு வேறு: பிணம் நடப்பதை வெளிநாட்டுக்காரர் நம்பமாட்டார், பந்தியில் இருந்த பண்டத்தை நம்பிவிடுவார்.

அதே ஆண்டு டிசம்பரில் ‘ஸ்னோடிராப்’. இது 1987இன் கதை. இராணுவ ஆட்சியை எதிர்த்து மாணவர்கள் தெருவில் நின்ற ஆண்டு. போராடியவர்களை வடகொரிய ஒற்றர்கள் என்று சொல்லித்தான் அன்று சித்திரவதை செய்தார்கள். தொடரின் நாயகனோ மாணவன் என்று நினைத்து அடைக்கலம் கொடுக்கப்பட்ட மெய்யான ஒற்றன். தடுக்கச் சொல்லி மூன்று இலட்சத்துக்கும் மேலானோர் மனுவில் ஒப்பமிட்டார்கள். நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை. தொடர் முழுதாக ஓடியது. ஜாங் கும்மைச் சமையற்காரி ஆக்கியதை மன்னித்த அதே பார்வையாளர்கள் இதை மன்னிக்கவில்லை. ஐந்நூறு வருடத்துக்கு முந்தியவளின் பேரப்பிள்ளைகள் யாரும் சாட்சிக்கு வரமாட்டார்கள். 1987இல் அடி வாங்கியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

இந்த அளவுகோலை ஊவாவுக்குக் கொண்டு வந்தால் ‘சுஜாத தியணி’ மிக இலகுவாகத் தேறிவிடும். கொழுந்து நிறுத்து, பிள்ளைக்காம்பராவிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்து சேர்ந்த பெண்கள் அதில் பார்த்தது ஜுங்ஜோங்கின் ஆட்சியை அல்ல. மூத்தவள் இளையவளை எப்படி ஆட்டி வைக்கிறாள், தொழில் தெரிந்தவள் எப்படி வாயை மூடிக்கொண்டு காலம் பார்க்கிறாள், மேலிடத்துக்கு யார் போய் என்ன வத்தி வைக்கிறாள் என்று பார்த்தார்கள். இதெல்லாம் மலைக்குள் அன்றாடம் நடக்கிற விஷயம். சிங்களம் சரியாகப் பிடிபடாத ஆயாமாருக்குப் பாடசாலைப் பிள்ளைகள் பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுத்தார்கள். தொடரில் இல்லாத வசனத்தையும் பிள்ளைகள் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். ஆக, லயத்தில் ஓடியது ஜாங் கும்மின் மூன்றாவது கற்பனை.

இந்தப் பார்வையாளர்கள் வெறுங்கையோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தவர்களும் இல்லை. மாசி மாதத்தில் காமன் நட்டு, நாள்கணக்கில் காமன்கூத்து ஆடுகிறவர்கள். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் விடிய விடியப் பார்த்தவர்கள். பொன்னரும் சங்கரும் எந்த ஆண்டில் இருந்தார்கள் என்று கூத்துக் களத்தில் யாரும் கேட்பதில்லை. ஆனால் கட்டியக்காரன் முறை தப்பினால், ஒப்பாரி வரவேண்டிய இடத்தில் வராவிட்டால், வயதானவர்கள் எழுந்து சண்டைக்கு வருவார்கள். ‘சுஜாத தியணி’யையும் அப்படித்தான் எடைபோட்டார்கள். ஆசானாக இருந்த ஹான் செத்தபோது இன்னும் கொஞ்சம் அழ விட்டிருக்கலாம் என்பதுதான் நான் கேட்ட பெரிய குறை.

  

வரலாற்றில் கற்பனை ஆளைப் புகுத்துவது ஊவாவுக்குப் புதிதும் அல்ல. 1817இல் வெல்லஸ்ஸைக் காட்டில் வில்பாவே என்ற முன்னாள் பிக்கு தன்னைத் துரைசாமி என்று சொல்லிக்கொண்டு தோன்றினார். பிரித்தானியர் பிடித்து வேலூருக்கு அனுப்பிய கண்டியின் கடைசி அரசரின், நாயக்கர் குலத்தின், உறவினர் என்று உரிமை கோரினார். அந்த வேடத்தை நம்பித்தான், அல்லது நம்புவதாகக் காட்டிக்கொண்டுதான், ஊவா எழுந்தது. பதுளையில் இருந்த பிரித்தானிய அதிகாரி வில்சன் அம்பு பட்டுச் செத்தார். அடக்கப் போன கெப்பெட்டிபொலை திசாவையே கலகக்காரர் பக்கம் சேர்ந்தார். வேடம் பொய், கலகம் மெய்.

இனி ‘பரதேசி’.

படத்துக்கு மூலம் ஒரு நாவல். பி.எச். டானியல் என்ற மருத்துவர் 1941 முதல் 1965 வரை ஆனைமலையின் வால்பாறைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். அங்கே தொழிற்சங்கம் கட்டவும் முன்னின்றவர். தான் பார்த்ததையும், முதியவர்களிடம் கேட்டு அறிந்த முந்தைய காலத்தையும் வைத்து ‘ரெட் டீ’ என்று ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்டார். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மேஸ்திரியின் ஆசை வார்த்தையை நம்பி மலையேறும் கருப்பன், வள்ளி என்ற தம்பதியின் கதை அது. நாவலின் பிற்பகுதியில் ஆபிரகாம் என்ற மருத்துவர் வருகிறார். துரையோடு மோதுகிறார். தொழிலாளியை மனிதனாக நடத்தும் முதல் ஆள் அவர்.

பாலாவின் படத்தில் கருப்பன் இல்லை. ராசா என்ற ஒட்டுப்பொறுக்கி. அது குறை சொல்லக்கூடிய மாற்றம் இல்லை. சினிமாவுக்கு, ராசாவாக நடித்த அதர்வாவின் அந்த அசட்டுச் சிரிப்பு வேண்டியிருந்தது. நாஞ்சில்நாடனின் வசனமும் செழியனின் ஒளிப்பதிவும் அந்த ஊரைக் கண்முன் நிறுத்துகின்றன. முற்பணம் என்ற பெயரில் கழுத்தில் விழும் கடன், மேஸ்திரியின் தேன் பேச்சு, நாள்கணக்கான நடை, வழியில் செத்தவனை விட்டுவிட்டுப் போவது, வருடக் கணக்கு முடிக்கும்போது எஞ்சுவது பூச்சியம் என்பது, எல்லாம் மெய். இதில் ஊவாக்காரர் அழாமல் யார் அழுவார்?

அந்த டாக்டரிடம்தான் படம் விழுகிறது. நாவலின் ஆபிரகாம் இருக்க வேண்டிய இடத்தில், நடன ஆசிரியர் சிவசங்கர் நடித்த ஒரு மருத்துவர், வெள்ளைக்கார மனைவியோடு வந்து இறங்குகிறார். கொள்ளைநோயில் சனம் சாகும்போது ஆடிப்பாடி மதம் மாற்றுகிறார். தமிழ்நாட்டில் பல விமர்சகர்கள் இதைக் கண்டித்தார்கள். கண்டித்தது சரியே. தோட்டத்து வாழ்க்கையை உலகுக்குச் சொன்னதே ஒரு கிறிஸ்தவ மருத்துவர். அவர் எழுதியதிலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டு, அந்த மருத்துவரையே கோமாளியாக்குவது என்ன நன்றி?

இரண்டு வைத்தியர்களையும் இப்போது சேர்த்துப் பாருங்கள். ஜாங் கும்முக்குப் பத்து வரிக் குறிப்பு இருந்தது. கற்பனை அதைப் பெருக்கியது. பெருக்கிய திசை அந்த வரிகளுக்கு விரோதமாகப் போகவில்லை. அரசரின் நம்பிக்கையைப் பெற்ற வைத்தியச்சி என்ற ஒரே உறுதியான செய்தியைத் தொடர் கடைசிவரை விடவில்லை. டானியலுக்கோ அவரே எழுதிய ஒரு நாவல் முழுதும் சாட்சியாக இருந்தது. படம் அதைச் சுருக்கி, திசையையும் திருப்பிவிட்டது. வரலாற்றுப் புனைவின் நேர்மையை நான் அளக்கும் கோல் இது: இல்லாததைச் சேர்த்தார்களா என்பதைவிட, உறுதியாகத் தெரிந்த ஒன்றைப் புரட்டினார்களா என்பதே பெரிது.

மதமாற்றமே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஊவாவின் தோட்டங்களில் மாரியம்மன் கோயிலும் மாதா கோயிலும் மிஷன் பாடசாலையும் உண்டு. அவை எப்படி வந்தன என்பது எழுதத்தக்க வரலாறு. அதை ஒரு பாட்டுக்குள் முடித்துவிட்டு, கொள்ளைநோயில் மருந்து எப்படி வந்தது, யார் தடுத்தார், துரை எவ்வளவு செலவழிக்கச் சம்மதித்தார் என்ற கேள்விகளை விட்டுவிட்டார்கள். இலங்கையில் தோட்டத்து மருத்துவத்துக்கென்று 1872லேயே ஒரு சட்டம் வந்தது. அதன் பிறகும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் கதை. மருந்துக்காம்பராவில் எல்லா நோவுக்கும் ஒரே கலவையை ஊற்றிக் கொடுத்த டிஸ்பென்சர் ஐயா எந்தப் படத்திலும் இன்னும் வரவில்லை.

அடுத்தது, “நம்ம கதை” என்ற அந்தச் சொல். பெரும்பகுதி சரி. ஆனால் ஊவாவின் கதை ஆனைமலையின் கதையிலிருந்து விலகும் இடங்கள் சின்னவை அல்ல.

ஊவாவுக்கு முதலில் வந்தவர்கள் தேயிலைச் செடியைப் பார்க்கவே இல்லை. அது கோப்பிக் காலம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை ஒரு தோட்டமாகப் போட்டது 1867இல்; கோப்பி இலையில் துருநோய் கண்டது 1869இல். அதற்கு முன் வந்தவர்கள் கோப்பிப் பழம் பறிக்கும் காலத்துக்கு வந்து, பிழைத்துக் கிடந்தால் ஊர் திரும்பிப் போனவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி வன்னிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். அந்த வழியில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் உடன்படவில்லை. டொனோவன் மொல்ட்ரிச் அந்தக் கோப்பித் தொழிலாளரைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். படமாக எடுக்க ஆள் இல்லை.

‘பரதேசி’யில் ஓடிப்போகிறவனைப் பிடித்துக் குதிகால் நரம்பை அறுக்கிறார்கள். படத்தைப் பார்த்த எவருக்கும் மறக்காத காட்சி. இலங்கையில் அந்த வேலையைக் காகிதம் செய்தது. 1865இன் தொழிலாளர் சட்டப்படி வேலையை விட்டு ஓடுவது குற்றம், சிறைக்கு அனுப்பலாம். அதோடு ‘துண்டு’ என்று ஒன்று. இந்தக் கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுகிறவர் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. சீட்டு கைமாறினால் ஆட்களும் கைமாறுவார்கள். 1921இல்தான் துண்டும் அந்தச் சிறைத் தண்டனையும் ஒழிந்தன. நரம்பறுப்பதைக் கமெரா காட்டிவிடும். பார்க்கிறவன் கண்ணை மூடிக்கொள்வான். மேசையில் உட்கார்ந்து ஒரு துரை இன்னொரு துரைக்குச் சீட்டு எழுதுவதைப் பார்த்துக் கண்ணை மூடவைக்க வேண்டுமென்றால் மிகப் பெரிய இயக்குநர் வேண்டும். ஆனால் லட்சக்கணக்கானோரைக் கட்டிப்போட்டது அந்தச் சீட்டுத்தான், கத்தி அல்ல.

படத்தின் காலம் 1939. இது ஒரு வினோதமான தெரிவு. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில்தான் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் போவதையே தடை செய்தது. அதற்கு ஒரு கிழமை முன்பு, நேரு வந்திருந்த நாட்களில், கொழும்பில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் விழுந்தார். படத்தின் கடைசியில் ராசா பாறையில் உட்கார்ந்து கதறுகிறான். அவன் காதலித்த பெண்ணும் பிள்ளையும் புதிதாக வந்த ஆட்களோடு மலையேறி வருகிறார்கள். மீட்சியே கிடையாது என்பது படத்தின் முடிவு. நாவலாசிரியர் டானியல் அப்படி முடிக்கவில்லை. ஊவாவும் அப்படி முடியவில்லை.

ஊவாவில் என்ன நடந்தது என்று வயதானவர்களைத் தவிர வேறு யாருக்கும் இன்று தெரியாமல் இருப்பதைத்தான் நான் இந்தப் பேச்சின் நடுவே வைக்க விரும்புகிறேன். அதற்கு முன் ஆவணங்களைப் பற்றி ஒரு வார்த்தை.

ஜோசோனில் அரசனுக்கே தெரியாமல் எழுத ஓர் ஆள் இருந்தார். தோட்டத்தில் எழுதியவர் கணக்கப்பிள்ளை. செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் போட்டார், அரைப்பேர் போட்டார், பேர் வெட்டினார். பிறப்பும் இறப்பும் துரையின் கந்தோரில் கிடந்தன. துரைமார் ஆட்களை ஏவுவதற்காகத் தமிழ் படிக்க அச்சிட்ட கையேடுகளும் இருந்தன. பதுளையிலிருந்து வந்த மு. நித்தியானந்தன் ‘கூலித் தமிழ்’ என்ற நூலில் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தமிழில் அதட்டலைத் தவிர வேறு என்ன இருந்தது என்று கேட்கிறார். தொழிலாளியின் பக்கத்தில் இருந்தவை நாட்டுப்பாடலும் ஒப்பாரியும். சி.வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தொகுத்திருக்காவிட்டால் அவையும் போயிருக்கும். பதுளைக்குப் பக்கத்தில் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப், ‘காலங்கள் சாவதில்லை’ முதலாகத் தன் புனைகதைகளுக்குள் எழுதி வைத்ததும் ஆவணம்தான். 1975இல் வி.பி. கணேசன் தயாரித்த ‘புதிய காற்று’ என்ற மலையகப் படத்துக்கும் அவர்தான் வசனம் எழுதினார். இந்தியச் சினிமாவின் வெளிச்சத்தில் அந்தப் படத்தின் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை.

பழைய காலம்தான் அப்படி என்று நினைக்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. எத்தனை பேர் புதைந்தார்கள் என்று நாள்கணக்கில் வேறு வேறு எண்களைச் சொன்னார்கள். நூற்றுக்கணக்கில் என்றார்கள், பிறகு குறைத்துக்கொண்டே வந்தார்கள். ‘பரதேசி’யைப் பார்த்து அழுத அடுத்த வருடம் நடந்தது இது. செத்தவர்களின் தொகையே உறுதியாகக் கிடைக்காத ஒரு சமூகத்தில் ஒரு சினிமா வந்து, உங்கள் வரலாறு இதுதான் என்று காட்டினால், அதைச் சரிபார்க்க யாரிடம் எந்த ஏடு இருக்கிறது? கொரியாவில் தொடர் என்பது ஆவணத்தின் மேல் போர்த்திய துணி, விலக்கிப் பார்க்கலாம். இங்கே விலக்கினால் கீழே ஒன்றும் தென்படாது. ஆகவே துணியே உடம்பு ஆகிவிடுகிறது.

“கதைதானே, விட்டுவிடுங்கள்” என்ற பேச்சை ‘சுஜாத தியணி’க்கு நான் ஒத்துக்கொள்கிறேன். ஆண்கள் சமைத்த இடத்தில் பெண்கள் சமைத்தால் யாருக்கும் நட்டமில்லை. ‘பரதேசி’க்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை. “அந்த அளவுக்குக் கஷ்டத்தை எவன் காட்டினான், அதற்கே கும்பிட வேண்டும்” என்கிற இன்னொரு பேச்சு உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. தமிழ்ச் சினிமாவில் தேயிலை மலை காதலர்கள் பாட்டுப் பாடும் இடமாகவே எத்தனை காலம் இருந்தது! ஆனால், கஷ்டத்தை மட்டும் காட்டினால் பேரப்பிள்ளைக்குக் கிடைப்பது அடிபட்ட தாத்தா மட்டுமே. திருப்பி நின்ற தாத்தா கிடைக்கமாட்டார்.

திருப்பி நின்றவர்கள் பதுளைக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். 1940இல் ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்த அலை எழுந்தது. சமசமாஜக் கட்சிக்காரர்கள் உள்ளே நின்று சங்கம் கட்டினார்கள். அது உச்சத்துக்குப் போன இடம் வெவெஸ்ஸத் தோட்டம், மே மாதம். தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபையைக் கலந்துகொண்டுதான் நடப்பேன் என்று துரை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஒழுங்கை நிலைநாட்டவென்று துப்பாக்கிகளோடு வந்த பொலிஸ் குழுவிடமிருந்து ஆயுதங்களைத் தொழிலாளர்கள் பறித்துக்கொண்டார்கள். தடையுத்தரவை மீறி அக்கட்சியின் என்.எம். பெரேரா பதுளையில் கூட்டத்தில் பேசினார். பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகுதான் அடக்குமுறை இறங்கியது. அந்த நேரம் பார்த்து மழை வெள்ளம் வந்து ஊவாவை நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து துண்டித்துவிட்டது. அதுவும் அடக்கியவர்களுக்கே உதவியது. ஜூனில் தலைவர்கள் சிறைக்குள் இருந்தார்கள்.

ராசா பாறையில் உட்கார்ந்து கதறும் ஆண்டுக்கும் இதற்கும் இடையில் சில மாதங்களே. கொரியத் தொலைக்காட்சிக்காரர் கையில் இது கிடைத்திருந்தால் பதினாறு அத்தியாயங்களுக்குக் குறையாது. சபைத் தேர்தலுக்கு இரண்டு, துரை பேச்சுக்கு இறங்கி வருவதற்கு ஒன்று, துப்பாக்கி பறித்ததற்கு ஒன்று, வெள்ளத்துக்கு இரண்டு. நடுவே ஒரு காதல், ஒரு துரோகி. இருவரையும் கற்பனையாகவே வைத்துக்கொள்ளலாம், என்னிடமிருந்து எதிர்ப்பு வராது. சபை மட்டும் மெய்யாக இருக்கவேண்டும், பறித்த துப்பாக்கியும். குதிகால் நரம்பு அறுக்கும் காட்சி இதில் கிடையாது. அதனால்தானோ என்னவோ, எடுக்க இன்னும் யாரும் வரவில்லை.